கீழ்ப் போர்ஷன்

மத்தியதர வர்க்கத்து மனிதருக்கு முன்யோசனை அதிகம் என்று சொல்வார்கள். சொல்லுகிறவர்களும் பெரும்பாலும் அந்த வர்க்கத்தைச் சேர்ந்தவர்களே. குழந்தை பிறந்த மறு மாதமே ஆயுள் இன்ஷூரன்ஸ் ஏஜெண்டு வீட்டுக்கு வந்துவிடுகிறார். அநேகமாக அவர் மைத்துனராகவோ ஒன்றுவிட்ட சித்தப்பாவாகவோ இருப்பார். பெண் கல்யாணத்துக்குச் சீட்டுக் கட்டியாகிறது. பையன் படிப்புக்கு பாங்கியில் பணம் போட்டாகிறது. கார் வாங்கினால், போலீஸ்காரர் நிறுத்திக் கேட்பாரே என்ற பயத்தில், அதற்கும் ஒரு பாலிசி எடுத்தாகிறது. ஆனால் இத்தனையும் எந்தக் கூரையின் கீழ் நடக்கிறதோ அந்த வீட்டுக்கும், அதற்குள் இருக்கும் கட்டில், பீரோ, ஃப்ரிட்ஜுக்கும் ஏதாவது காப்பு உண்டா என்று கேட்டுப் பாருங்கள். "அதற்கெல்லாம்கூட இன்ஷூரன்ஸ் இருக்கிறதா, ஸார்?" என்று நம்மையே திருப்பிக் கேட்பார்.

இருக்கிறது, ஸார். இருக்கிறது என்று உங்களிடம் சொல்லவேண்டியவர்கள் ஒருவரும் சொல்லவில்லை. அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். கொஞ்சம் கோபமாகவே எழுதப் போகிறேன்.

தாம்பரத்துக்காரர்களுக்குத் தண்ணீரைப் பற்றி நான் விளக்கவேண்டியதில்லை. 2015 டிசம்பர் 1-ந் தேதி காலையிலிருந்து மறுநாள் காலை வரை, இருபத்துநாலு மணி நேரத்தில், தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. செம்பரம்பாக்கத்தில் 47. அந்த இரவைப் பற்றிப் பேசும்போது இன்றைக்கும் எல்லாரும் செம்பரம்பாக்கம் ஏரியைத்தான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார்கள். ஏரியைத் திறந்த விதத்தை மத்தியத் தணிக்கை அதிகாரியின் அறிக்கையே 2018-ல் கண்டித்தது. மனிதர்களால் விளைந்த பேரிடர் என்றே அது எழுதியது. ஆனால் முடிச்சூரும் வரதராஜபுரமும் செம்பரம்பாக்கத்துத் தண்ணீர் அடையாற்றில் வந்து சேரும் இடத்துக்கு மேலே இருக்கின்றன. அங்கே கட்டில் உயரத்துக்கு ஏறிய தண்ணீர் ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்து வந்தது. அந்த ஏரிகளை எந்தப் பத்திரிகையும் கூண்டில் ஏற்றவில்லை. ஏற்றினால் நாம் மனை வாங்கிய இடத்தைப் பற்றியும் பேசவேண்டி வந்துவிடும்.

செம்பாக்கம், சிட்லபாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம், சேலையூர், பீர்க்கன்காரணை, இரும்புலியூர் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனால், ஒவ்வொரு ஊருக்கும் ஓர் ஏரி கூடவே வருகிறது. சில இடங்களில் ஏரியின் பாதி வந்துவிட்டு மீதி வர மறுக்கிறது. அதன்மேல் மாடி வீடுகள் நிற்கின்றன. திருநீர்மலைக்குப் போயிருப்பீர்கள். மலையைச் சுற்றித் தண்ணீர் சூழ்ந்து நின்றதால் திருமங்கையாழ்வார் ஆறு மாதம் காத்திருந்து, வடிந்த பிறகே தரிசனம் செய்தார் என்பது ஸ்தல புராணம். பெயரிலேயே நீரை வைத்துக்கொண்டிருக்கும் ஊர் அது. நம் முன்னோர் பெயர் வைப்பதில் கஞ்சத்தனம் செய்யவில்லை; எச்சரிக்கையைப் பெயரிலேயே எழுதி வைத்துவிட்டுப் போனார்கள். நாம் அதை பஸ்ஸின் பெயர்ப் பலகையில் மட்டும் படிக்கிறோம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மறுபடியும் அதே முடிச்சூர், அதே வரதராஜபுரம். இந்தப் பக்கம் பள்ளிக்கரணை, வேளச்சேரி. எட்டு வருஷத்துக்குள் இரண்டு முறை. தாம்பரம் 2021 நவம்பரில் மாநகராட்சி ஆகிவிட்டது. தண்ணீருக்கு அந்த உத்தரவு போய்ச் சேரவில்லை.

தண்ணீர் வடிந்த பிறகு நிவாரணம் வருகிறது. 2015-ல் குடிசை இழந்தவர்களுக்கு 10,000 ரூபாய். வெள்ளம் புகுந்த மற்ற வீட்டுக்காரர்களுக்கு 5,000 ரூபாய். 2023-ல் குடும்பத்துக்கு 6,000 ரூபாய். டோக்கனைக் கொண்டுபோய் ரேஷன் கடையில் வாங்கிக்கொள்ளவேண்டும். குடிசையில் இருந்தவருக்கு அந்தப் பணம் மறுநாள் அடுப்பு எரிவதற்கு. அதைக் குறை சொல்லுகிற மனிதனுடன் நான் பேசத் தயாரில்லை. ஆனால் அதே வரிசையில், முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாரே, அவருடைய கதை வேறு. ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், மிக்ஸி, கிரைண்டர், இலவம் பஞ்சு மெத்தை, மாமனார் சீராகக் கொடுத்த தேக்குக் கட்டில், பத்தாம் வகுப்புப் பெண்ணின் புத்தகங்கள், வாசலில் நின்ற ஸ்கூட்டர், எல்லாம் ஒரே இரவில் போய்விட்டன. இன்வெர்ட்டருக்கு ஒரு புதுப் பாட்டரி வாங்க ஆறாயிரம் ரூபாய் காணாது. அந்த மனிதர் இருபது வருஷச் சம்பாத்தியத்தை இழந்துவிட்டு, மூன்று மணி நேரம் நின்று, ஆறாயிரம் ரூபாயை எண்ணி வாங்கிக்கொண்டு, யாரோ நமக்குத் தர்மம் செய்தார்கள் என்ற கூச்சத்தோடு வீட்டுக்குப் போனார்.

ஸ்விஸ் ரீ என்ற மறுகாப்பீட்டு நிறுவனம் 2015 சென்னை வெள்ளத்தைக் கணக்கிட்டு ஓர் அறிக்கை வெளியிட்டது. மொத்த நஷ்டம் சுமார் 220 கோடி டாலர். இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் ஏற்றது சுமார் 75 கோடி டாலர். மூன்றில் ஒரு பங்கு ஈடாகிவிட்டதே, பரவாயில்லையே என்று தோன்றும். அந்தப் பணம் போய்ச் சேர்ந்தது பெரும்பாலும் ஆலைகளுக்கும் கம்பெனிகளுக்கும் வாகனங்களுக்கும். முதலாளிக்கு இன்ஷூரன்ஸைப் பற்றி யாரும் பாடம் நடத்தவேண்டியதில்லை. அவருடைய கிடங்கில் நனைந்த அட்டைப் பெட்டிக்கும் விலை உண்டு. உங்கள் வீட்டில் நனைந்த மெத்தையைத்தான் குப்பை வண்டி அள்ளிக்கொண்டு போயிற்று.

இனி அந்தப் பாலிசிக்கு வருகிறேன். 2021 ஏப்ரல் 1-ந் தேதியிலிருந்து நம் நாட்டில் 'பாரத் கிரஹ ரக்ஷா' என்று ஒரு வீட்டுப் பாலிசி இருக்கிறது. பெயர் ஏதோ தேச பக்தி நாடகம் மாதிரி இருக்கிறது. விஷயம் நல்ல விஷயம். பொது இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் எல்லாமே இதை ஒரே வாசகத்தில், ஒரே நிபந்தனைகளோடு விற்கவேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையம் கட்டளையிட்டது. தீ, இடி, பூகம்பம், புயல், வெள்ளம், நிலச்சரிவு, கலவரம் எல்லாம் இதில் அடக்கம். மரம் சாய்ந்து வீட்டின்மேல் விழுந்தாலும் உண்டு. 2016-ல் வர்தா புயலைப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும். ஏவுகணைப் பரிசோதனையால் சேதம் வந்தால்கூட ஈடு உண்டு என்று எழுதியிருக்கிறார்கள். செம்பாக்கத்துவாசிகள் அந்த விஷயத்தில் நிம்மதியாகத் தூங்கலாம்.

அமெரிக்காவில் சாதாரண வீட்டுப் பாலிசியில் வெள்ளம் கிடையாது தெரியுமா? அதற்குத் தனியாக வேறு பாலிசி எடுக்கவேண்டும்; அதற்காகவே அந்நாட்டு அரசாங்கம் 1968-ல் ஒரு திட்டம் தொடங்கியது. நம் பாலிசியில் வெள்ளம் உள்ளேயே இருக்கிறது. நம்மிடம் மேலான பொருள் ஒன்று இருந்தும் அதை நாம் கடைக்குப் போய்க் கேட்பதில்லை. கடைக்காரரும் எடுத்துக் காட்டுவதில்லை.

கேட்காததற்கு ஒரு காரணம் கணக்குத் தெரியாதது. "என் ஃப்ளாட் எண்பது லட்சம், ஸார். எண்பது லட்சத்துக்கு இன்ஷூர் செய்ய நான் எங்கே போவேன்?" என்பார்கள். எண்பது லட்சத்தில் பெரும் பகுதி மண்ணின் விலை. மண்ணை எந்த வெள்ளமும் அடித்துக்கொண்டு போகாது. அதற்கு இன்ஷூரன்ஸும் வேண்டாம். அந்த வீட்டைத் திரும்பக் கட்ட என்ன செலவாகுமோ, அவ்வளவுக்குத்தான் பாலிசி. உட்புறப் பரப்பளவை, அதைக் கட்ட ஆகும் இன்றைய விலையால் பெருக்கினால் தொகை வந்துவிடும். எண்ணூறு சதுர அடியை, அடிக்கு இரண்டாயிரத்தைந்நூறு என்று வைத்துப் பாருங்கள்: இருபது லட்சம். அந்த இருபது லட்சத்தில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது நாலு லட்சம், உள்ளே இருக்கும் சாமான்களுக்குத் தானாகவே கிடைத்துவிடுகிறது. பத்து லட்சம் வரைக்கும் அப்படி. சாமான்களின் பட்டியலைக்கூட முன்கூட்டிக் கொடுக்கவேண்டியதில்லை. தொகையைக் கொஞ்சம் குறைத்து எழுதிவிட்டீர்கள் என்பதற்காக, சேதம் வரும்போது அதே விகிதத்தில் ஈட்டை வெட்டுகிற பழைய வழக்கத்தையும் இந்தப் பாலிசியில் விட்டுவிட்டார்கள். நகை வேண்டுமானால் தனியாகச் சொல்லிச் சேர்க்கவேண்டும். ரொக்கம் கிடையாது. கையெழுத்துப் பிரதிகளும் கிடையாது என்று தெளிவாகப் போட்டிருக்கிறார்கள். என் போன்றவர்கள் எழுதுவதைக் கம்பெனிகள் சரியாகவே மதிப்பிட்டு வைத்திருக்கின்றன.

இதுவரை சொன்னது சொந்த வீட்டுக்காரருக்கு. என் கோபம் அவரைப் பற்றியது அல்ல.

தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் ஒரு வீட்டின் அமைப்பைப் பாருங்கள். வீட்டுக்காரர் மாடியில் இருப்பார். கீழே இரண்டு போர்ஷன், இரண்டிலும் குடித்தனக்காரர்கள். ரயில்வேயிலோ, பல்லாவரத்துப் பக்கத்துத் தோல் கம்பெனியிலோ, இப்போது துரைப்பாக்கத்துக் கம்ப்யூட்டர் கம்பெனியிலோ வேலை. தண்ணீர் முதலில் வருவது கீழ்ப் போர்ஷனுக்கு. பெரும்பாலும் கீழ்ப் போர்ஷனோடு நின்றும் விடுகிறது. வீட்டுக்காரர் பாலிசி எடுத்திருக்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். சுவருக்கு ஈடு கிடைக்கும், கதவுக்குக் கிடைக்கும், காம்பவுண்டுச் சுவருக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் கிடைக்கும். வீடு குடியிருக்க லாயக்கில்லாமல் போய், குடித்தனக்காரர் காலி செய்துவிட்டால், இழந்த வாடகைக்குக்கூட ஈடு உண்டு. குடித்தனக்காரரின் கட்டிலுக்குக் காலணா கிடையாது. அது அவருடைய சொத்து அல்லவே! ஒரே கூரை, ஒரே தண்ணீர். ஒரு குடும்பத்துக்குச் சுவரில் சுண்ணாம்பு நஷ்டம், மற்றொரு குடும்பத்துக்குச் சம்சாரமே நஷ்டம்.

குடித்தனக்காரர் இதே பாலிசியைச் சாமான்களுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளலாம். கட்டடம் வேண்டாம், வீட்டுக்காரரின் தயவும் வேண்டாம். நாலு ஐந்து லட்ச ரூபாய்ச் சாமான்களுக்கு வருஷப் பிரீமியம் அநேகமாக ஒரு மாதத்துப் பால் கணக்குக்குள் அடங்கிவிடும். இவ்வளவு சுலபமான விஷயத்தை எத்தனை குடித்தனக்காரர்கள் அறிந்திருக்கிறார்கள்? எனக்குத் தெரிந்தவர்களை எல்லாம் கேட்டுப் பார்த்தேன். ஒருவர் கைப்பேசிக்கு இன்ஷூரன்ஸ் எடுத்திருந்தார்.

ஏன் தெரியவில்லை? ஏஜெண்டு சொல்லமாட்டார், சில நூறு ரூபாய்ப் பிரீமியத்தில் அவருக்கு வரும் கமிஷன் முடிச்சூருக்கு வந்து போகிற பெட்ரோலுக்குக் காணாது. கம்பெனி சொல்லாது; முழுப் பக்க விளம்பரம் ஆயுளுக்கும் ஆஸ்பத்திரிக்கும். பாங்கி வீட்டுக் கடன் கொடுக்கிறபோது, ஏதோ ஒரு இன்ஷூரன்ஸுக்கும் சேர்த்து இருபது இடத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்கிறது. கடன்காரர் செத்துப்போனால் பாங்கிக்குப் பணம் வருமா என்பதில் இருக்கிற அக்கறை, அவர் உயிரோடு இருந்து அவருடைய அலமாரி மிதந்தால் என்ன ஆகும் என்பதில் இல்லை. கட்டடத்துக்கு ஒரு பாலிசி இருந்தால்கூட அந்தக் காகிதம் பாங்கியின் ஃபைலில் தூங்குகிறது. கடன் வாங்கியவர் அதைக் கண்ணால் பார்ப்பதில்லை. பார்த்துக் கேட்டு ஒரு நகல் வாங்கி வையுங்கள். வாங்கும்போது அந்தப் பாங்கி அதிகாரியின் முகத்தைக் கவனியுங்கள். நீங்கள்தான் அவரிடம் அதைக் கேட்ட முதல் மனிதராக இருப்பீர்கள்.

காரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். காருக்குப் பாலிசி இருக்கிறது என்ற தைரியம்தான் வெள்ளத்தில் அதிகம் பேரைக் கவிழ்க்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-வது பிரிவு கட்டாயப்படுத்துவது தேர்டு பார்ட்டி பாலிசியை. உங்கள் கார் மோதி இன்னொருவருக்குச் சேதம் வந்தால் அவருக்கு ஈடு. உங்கள் கார் மூழ்கினால் உங்களுக்கு ஒன்றுமில்லை. சொந்தச் சேதத்துக்கும் சேர்த்து எடுத்த பாலிசியில்தான் வெள்ளம் வரும். ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களில் பலர் வெறும் தேர்டு பார்ட்டியோடு நிறுத்திவிடுகிறார்கள். வீட்டுப் பாலிசி எடுத்திருந்தாலும் வாசலில் நிற்கிற வண்டி அதில் சேராது. இரண்டு பாலிசிக்கும் நடுவில் அந்த ஸ்கூட்டர் நனைந்துகொண்டு நிற்கும்.

முழுப் பாலிசி எடுத்தவருக்கும் ஒரு பொறி இருக்கிறது. தண்ணீரில் நின்ற காரை, வடிந்ததும் வடியாததுமாக, ஓடுகிறதா பார்ப்போம் என்று சாவியைத் திருப்புவார்கள். காற்று போகும் வழியாக உள்ளே புகுந்த தண்ணீர் சிலிண்டரில் இருக்கும். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் மேலே வந்து அதன்மேல் முட்ட, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். எஞ்சின் போயிற்று. கம்பெனியின் ஆள் வந்து பார்த்து, "இது வெள்ளத்தால் வந்த சேதம் இல்லை, நீங்கள் ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதம்" என்பார். அதற்கென்று எஞ்சின் பாதுகாப்பு என்ற துணைப் பாலிசி தனியாக விற்கிறார்கள். ரப்பர், பிளாஸ்டிக் சாமான்கள், பாட்டரி, டயர் இவற்றுக்குத் தேய்மானம் என்று பாதி விலையைக் கழிப்பார்கள்; அது கழியாமல் இருக்க மற்றொரு துணைப் பாலிசி. கடற்கரைச் சமவெளியில், ஏரிகளுக்கு நடுவில் கார் விற்கிறவர்கள், வண்டியோடு பிள்ளையார் பொம்மையும் சீட்டு உறையும் கொடுக்கிறபோது இதையும் வாயைத் திறந்து சொல்லக்கூடாதா?

சொல்லாததால் ஜனங்கள் தாங்களே ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார்கள். 2024 அக்டோபரில் பெருமழை எச்சரிக்கை வந்த உடனே வேளச்சேரி மேம்பாலத்தின்மேல் வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தினார்களே, நினைவிருக்கிறதா? ஊரே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாலிசியின் நுணுக்க எழுத்தை நம்புவதைவிடப் பாலத்தின் உயரத்தை நம்பலாம் என்று ஒரு ஜனசமூகம் முடிவு செய்துவிட்டது என்றால், அந்தக் கம்பெனிகள் வெட்கப்படவேண்டும். காரையாவது பாலத்தில் ஏற்றலாம். ஃப்ரிட்ஜை எங்கே கொண்டுபோய் நிறுத்துவது?

"எடுத்துவிட்டால் மட்டும் கொடுத்துவிடுவார்களா?" என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. சேதத்தைப் பார்வையிட சர்வேயர் வரவேண்டும். ஊர் முழுவதும் மூழ்கியிருக்கும்போது சர்வேயர் எந்தத் தெருவுக்கு முதலில் போவார்? மெத்தையோ மூன்றாம் நாள் நாற ஆரம்பித்துவிடும். வைத்திருந்தால் வியாதி; வீசிவிட்டால் அத்தாட்சி இல்லை. நகராட்சி லாரி வந்து, "எடுத்துப் போடுகிறீர்களா இல்லையா?" என்று அதட்டுகிறது. பில்களைக் காட்டுங்கள் என்றால், பில்களும் அதே பீரோவில் அதே தண்ணீரில் இருந்தவை. நனைந்து உப்பிய காகிதத்தை வெயிலில் காயவைத்து, எழுத்துக் கலைந்த இடத்தில் எண்ணை ஊகித்துப் படித்துக்கொண்டிருந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு ஏற்பட்ட அவமானம் வெள்ளத்தால் வந்ததல்ல.

இந்த விஷயத்தில் 2024 ஜூனில் ஒழுங்குமுறை ஆணையம் சில புதிய கட்டளைகளைப் போட்டது. சேதத்தைத் தெரிவித்த இருபத்துநாலு மணி நேரத்துக்குள் சர்வேயரை நியமிக்கவேண்டும். பதினைந்து நாளில் அவர் அறிக்கை வரவேண்டும். வந்த ஏழு நாளில் கம்பெனி முடிவு சொல்லவேண்டும். தஸ்தாவேஜு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கக்கூடாது. காகிதத்தில் அழகாகத்தான் இருக்கிறது. அடுத்த பெருவெள்ளத்தில் இது நிற்கிறதா மிதக்கிறதா என்று பார்க்கவேண்டும். அதுவரைக்கும் உங்கள் காரியத்தை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். ஐப்பசி பிறப்பதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொரு அறையாகக் கைப்பேசியில் படம் பிடித்து, பில்களையும் படம் பிடித்து, வேறு ஊரில் இருக்கிற மகளுக்கோ தம்பிக்கோ அனுப்பி வையுங்கள். தண்ணீர் வடிந்ததும், துடைப்பத்தை எடுக்கும் முன்பு, சுவரில் நிற்கும் கோட்டைப் படம் பிடியுங்கள். வீசவேண்டியதை வீசுவதற்கு முன்னால் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டு, படம் எடுத்துக்கொண்டு வீசுங்கள். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உண்டான பிறகு பாலிசிக்கு ஓடவேண்டாம். கம்பெனி மறுத்தால் முதலில் அதற்கே எழுதி ஒரு மாதம் பொறுக்கவேண்டும். பிறகு இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். சென்னை அலுவலகம் தேனாம்பேட்டையில், அண்ணா சாலையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் ரூபாய் வரை அவர் விசாரித்துத் தீர்ப்புச் சொல்லலாம். ஆழ்வார் ஆறு மாதம் காத்திருந்தார். அவருக்குக் காத்திருக்கப் பெருமாள் இருந்தார்.

மறுபக்கத்து நியாயத்தையும் பார்ப்போம். "வெள்ளம் வராவிட்டால் கட்டின பணம் திரும்ப வருமா?" என்பதுதான் நம்மவர்களின் கடைசி ஆயுதம். திரும்பி வராத பணத்தை நம் வர்க்கம் பணமாகவே நினைப்பதில்லை. தெருக் கூர்க்காவுக்கு மாதாமாதம் கொடுக்கிறோமே, இந்த மாதம் திருடன் வரவில்லை என்று திருப்பிக் கேட்கிறோமா? புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கத்தில் மொய் விருந்து வைக்கிறார்கள். ஊர் கூடிச் சாப்பிட்டுவிட்டு, கஷ்டப்படுகிறவருக்குத் தொகையை நோட்டில் எழுதிப் போட்டுவிட்டுப் போகிறது. பலர் சேர்ந்து ஒருவரின் பாரத்தைச் சுமக்கிற வித்தை நமக்குப் புதிதல்ல. கூடிப் போட்ட பணத்தைக் கம்பெனி லாபமாக்கிவிடுகிறதே என்றால், ஆமாம், ஆக்குகிறது. அதனால்தான் உங்கள் பங்கைச் சேதம் வரும்போது உரத்த குரலில் கேட்டு வாங்கச் சொல்கிறேன்.

தஞ்சாவூர் விவசாயியைப் பாருங்கள். 2016-ல் வந்த பயிர் இன்ஷூரன்ஸ் திட்டத்தில் அவர் கட்டுவது சம்பாவுக்கு இன்ஷூர் தொகையில் நூற்றுக்கு ஒன்றரை ரூபாய்; மீதிப் பிரீமியத்தை மத்திய, மாநில அரசாங்கங்கள் கட்டுகின்றன. ஈடு வராவிட்டால் அவர் கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்துவிடுகிறார். அது தமக்கு வரவேண்டிய பணம் என்று அவருக்குத் தெரியும். நகரத்துக் குடித்தனக்காரர் பிரீமியத்தில் அரசாங்கம் காலணா போடவில்லை. போடாதது போகட்டும், நூற்றுக்குப் பதினெட்டு ரூபாய் வரி எடுத்துக்கொள்கிறது. 2025 செப்டம்பர் 22-ந் தேதி முதல் தனிநபர் ஆயுள் இன்ஷூரன்ஸுக்கும் மருத்துவ இன்ஷூரன்ஸுக்கும் அந்த வரியை நீக்கினார்கள். வரவேற்கவேண்டிய காரியம். வீட்டுக்கு நீக்கவில்லை. மனிதன் செத்தால் வரி இல்லை, வியாதிப்பட்டால் வரி இல்லை; வீடு மூழ்கினால் மட்டும் அது ஆடம்பரமா? ஒரு கையால் வரியை வாங்கிக்கொண்டு, வெள்ளம் வந்ததும் மறு கையால் டோக்கன் நீட்டுவதற்குப் பதிலாக, அந்த வரியை எடுத்துவிட்டால் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ரேஷன் கடை வரிசைக்கு வரவே தேவையிருக்காது.

இங்கிலாந்தில் 2016 முதல் ஒரு ஏற்பாடு நடக்கிறது. எல்லா வீட்டுப் பாலிசிகளிலிருந்தும் சிறு பங்கை எடுத்து, வெள்ள அபாயமுள்ள வீடுகளுக்கும் தாங்கக்கூடிய விலையில் பாலிசி கிடைக்கச் செய்கிறார்கள். ஆனால் 2009-ம் வருஷம் பிறந்த பிறகு கட்டிய வீடுகளுக்கு அது இல்லை. தெரிந்தே தண்ணீர் வழியில் கட்டினால் அதன் செலவை ஊரார் தலையில் சுமத்தக்கூடாது என்பது அவர்கள் கணக்கு. நம் ஊரில் அப்படி ஒரு தேதியைப் போட்டால், சில புரோமோட்டர்களின் விளம்பரத் தட்டிகள் அன்றிரவே காணாமல் போகும். ஏரிக்கரை மனையை 'ஏரிக் காட்சி' என்று கூடுதல் விலைக்கு விற்கிறவர்கள் அவர்கள்.

நம் வீட்டு வாடகை ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள். 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், இருவரும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் ஒழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது என்கிறது. நடப்பில் ஆறு மாதம், பத்து மாதம் என்று வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அந்த அட்வான்ஸ் என்ன? குடித்தனக்காரரால் வீட்டுக்கு வரக்கூடிய நஷ்டத்துக்கு, வீட்டுக்காரர் எடுத்துக்கொள்ளும் இன்ஷூரன்ஸ். பிரீமியம் கட்டுபவர் குடித்தனக்காரர். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, காலி செய்யும்போது வெள்ளை அடித்துத் தரவேண்டும், குழாயைச் சரியாக மூடவேண்டும் என்று பதினாறு நிபந்தனைகள் இருக்கும். போன இரண்டு வெள்ளத்தில் இந்தக் கீழ்ப் போர்ஷனில் எவ்வளவு உயரம் தண்ணீர் நின்றது என்று ஒரு வரி இருக்காது. அடுத்த முறை ஒப்பந்தம் போடும்போது அந்த வரியை எழுதச் சொல்லிக் கேளுங்கள். அப்படியே, அட்வான்ஸில் ஒரு மாதத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், அந்தப் பணத்தில் எங்கள் சாமான்களுக்குப் பாலிசி எடுத்துக்கொள்கிறோம் என்றும் கேளுங்கள். வீட்டுக்காரர் என்ன பதில் சொன்னார் என்று எனக்கும் ஒரு கார்டு எழுதிப் போடுங்கள்.